மாலகாவில் நடந்துகொண்டே சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தென்கரையில், அந்தலூசியா மாநிலத்தில் இருக்கும் துறைமுக நகரம் மாலகா. பிக்காசோ 1881இல் பிறந்த ஊர் என்பதால் அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்கள் அதிகம். கடற்கரை வெயிலுக்காகப் போகிறவர்கள் அதைவிட அதிகம். நானோ, அங்கே போகிறவர்களிடம் முதல் நாளே ஓர் உணவு நடையில் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்கிறவன். வழிகாட்டி ஒருவரோடு பழைய நகரத்துத் தெருக்களில் நடந்து, கடை கடையாக நின்று சாப்பிடும் ஏற்பாடு அது. கிளம்பத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

உணவு நடை என்றால் என்ன? சுற்றுலாவா, சாப்பாடா?

இரண்டும்தான். பெரும்பாலான நடைகள் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஓடும். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை ஒரு குழு. ஐந்தாறு இடங்களில் நிறுத்துவார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு பண்டம், கூடவே குடிக்க ஏதாவது வரும். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போது தெருவைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் பேசுவார்கள். நடக்கும் தூரம் குறைவுதான், பழைய நகரமே கையடக்கமானது.

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். ஹோட்டலில் இலவசக் காலை உணவு இருக்கிறதே என்று ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால் மூன்றாவது கடையிலேயே தட்டைத் தள்ளிவைக்க வேண்டிவரும். ஒரு துண்டு ரொட்டியும் காப்பியும் போதும். எல்லா நிறுத்தமும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மேலேயே வந்துவிடும்.

வழிகாட்டி எதற்கு? நாமே கடை தேடிச் சாப்பிட்டால் ஆகாதா?

ஆகும். ஆனால் மாலகாவில் எதைச் சாப்பிடுவது என்பதைவிட எப்போது, எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் புதிதாக வருகிறவருக்குப் பிடிபடாது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடையில் நான்கிலிருந்து எட்டு வரை பல சமையலறைகளில் அடுப்பே எரியாது. நம் வழக்கப்படி பன்னிரண்டரைக்கும் ஏழு மணிக்கும் பசித்துக்கொண்டு அலைந்தால், திறந்திருப்பது பயணிகளுக்காகவே படம் போட்ட பலகை வைத்திருக்கும் கடைகள் மட்டும்தான். அங்கே சாப்பிட்டுவிட்டு மாலகாவின் சாப்பாடு சுமார் என்று சொல்லிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அளவும் ஒரு குழப்பம். தாப்பா என்பது சிறு தட்டு, மேதியா ரசியோன் என்பது அரைத் தட்டு, ரசியோன் முழுத் தட்டு. இரண்டு பேர் போய் நான்கு ரசியோன் சொன்னால் மேசை கொள்ளாது. இன்னொன்று: பக்கத்து ஊரான கிரனாதாவில் ஒரு பானம் வாங்கினால் தாப்பா இலவசமாக வரும். மாலகாவில் பொதுவாக அப்படி இல்லை, கேட்டுக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே ஒருவர் கூட இருந்து காட்டிவிட்டால் மீதி நாட்களில் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். அதனால்தான் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள் என்கிறேன்.

எந்தக் கிழமை, எந்த நேரம் நல்லது?

செவ்வாய் முதல் சனிக்குள், காலை பத்தரை பதினொன்றுக்குத் தொடங்கும் நடை. காரணம் சந்தை. அதராசானாஸ் மையச் சந்தை திங்கள் முதல் சனி வரை காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரைதான், ஞாயிறு விடுமுறை. திங்கள் திறந்திருந்தாலும் மீன்பகுதி களையிழந்து கிடக்கும். ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போகாததால் பல மீன்கடைக்காரர்கள் திங்கள் கடை திறப்பதில்லை.

மாலை நடைகளும் உண்டு. அவை மது, தாப்பாக் கடைகள் பக்கம் சாயும், சந்தை இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் மாலையை யோசிக்கலாம். உள்நாட்டிலிருந்து தெரால் என்ற வறண்ட அனல்காற்று வீசும் நாட்களில் நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கே நடப்பது கஷ்டம்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பிற்பகலிலிருந்தே பழைய நகரத் தெருக்கள் ஊர்வலங்களுக்காக அடைபடும். ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா. இந்த இரண்டு வாரங்களிலும் ஊரே கோலாகலமாக இருக்கும், ஆனால் நிதானமாக நின்று சாப்பிட இடம் கிடைக்காது.

எங்கெல்லாம் கூட்டிப் போவார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பகல் நடை என்றால் அதராசானாஸ் சந்தை இல்லாமல் இருக்கக் கூடாது. 14ஆம் நூற்றாண்டில், கிரனாதாவை ஆண்ட நஸ்ரி முஸ்லிம் அரசர்கள் காலத்தில், இந்த இடம் கப்பல் கட்டும் பட்டறை. கடல் அப்போது வாசல் வரை வந்தது. இப்போது கடல் பல தெரு தள்ளிப் போய்விட்டது. பட்டறையில் மிஞ்சியது பளிங்கு வளைவு ஒன்றுதான். ஹோவாகின் ருக்கோபா என்ற கட்டடக்கலைஞர் 1876க்கும் 1879க்கும் இடையில் அந்த வளைவையே தலைவாசலாக வைத்து, பின்னால் இரும்பில் இந்தச் சந்தையைக் கட்டினார். உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள், சுவரளவு வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கும். வெயில் அதில் பட்டு மீன் பரப்பிய ஐஸ்கட்டிமேல் விழும்.

சந்தைக்குள் அவசரப்படாதீர்கள். ஒலிவக்காய்க் கடையில் அலோரெஞா என்று கேட்டுச் சுவையுங்கள். கல்லால் தட்டிப் பிளந்த பச்சைக் காயை, தைம், பெருஞ்சீரகத் தண்டு, பூண்டு, குடைமிளகாய் போட்டு உப்புநீரில் ஊறவைப்பார்கள். ஸ்பெயினில் உண்ணும் ஒலிவக்காய்க்குக் கிடைத்த முதல் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு இதற்குத்தான். லேசான கசப்பு நாக்கில் நிற்கும், அதுதான் அதன் அழகு. பக்கத்திலேயே உலர்திராட்சையும் பாதாமும். மாலகாவுக்குக் கிழக்கே அக்சார்கியா மலைச்சரிவுகளில் மஸ்கட் என்ற ரகத் திராட்சையை வெயிலில் பரப்பி உலர்த்தும் முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. விதையோடும் காம்போடும் விற்கும் அந்தப் பெரிய திராட்சையைத் தின்றபின் பாக்கெட் கிஸ்மிஸ் பக்கம் மனம் போகாது.

சந்தைக்கு வெளியே, பல நடைகள் அலமேதா சாலையில் இருக்கும் ஆந்திகுவா காசா தே குவார்தியாவில் நுழையும். 1840இல் தொடங்கிய ஒயின்கடை. நாற்காலி கிடையாது. மரப்பீப்பாய்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். குழாயைத் திருப்பி நேராகக் கோப்பையில் பிடித்துக் கொடுப்பார்கள். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதைக் கடைக்காரர் உங்கள் முன்னால் இருக்கும் மர மேடையிலேயே சாக்பீஸால் எழுதுவார். கிளம்பும்போது கூட்டிச் சொல்லி, ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அவ்வளவுதான் பில்.

அல்கசாபா கோட்டை அடிவாரத்தில் ரோமானிய அரங்கம் இருக்கிறது. 1951இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். நல்ல வழிகாட்டி அதன் ஓரத்தில், கண்ணாடிக் கூம்புக்குக் கீழே தெரியும் தொட்டிகளைக் காட்டுவார். மீனை உப்பில் ஊறவைத்து காரும் என்ற குழம்புச்சாறு எடுத்த தொட்டிகள். ரோமானியர் காலத்திலேயே இந்த ஊரின் பிழைப்பு மீனும் உப்பும்தான் என்பது அங்கே நின்றால் புரியும்.

என்ன மீன் கிடைக்கும்? நமக்குப் பழகிய மீனா?

நெத்திலிக்கு நெருங்கிய உறவான பொக்கெரோன்தான் மாலகாவின் முதல் மீன். ஊர்க்காரர்களைப் பிற ஊரார் பொக்கெரோன்கள் என்றே கூப்பிடுவார்கள், அவர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். கால்பந்து அணியின் செல்லப்பெயரும் அதுவே.

வறுக்கும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, நாலைந்து மீனை வால் பக்கம் ஒன்றாகப் பிடித்து விசிறிபோல் விரித்து, மாவில் புரட்டி அப்படியே எண்ணெயில் இடுவார்கள். ஒட்டிக்கொண்டே வெந்து வரும். மசாலா கிடையாது, மாவு, உப்பு, ஒலிவ எண்ணெய், அவ்வளவுதான். மீன் அன்றைக்குப் பிடித்ததாக இல்லாவிட்டால் மறைக்க ஒன்றுமில்லை. செப்டம்பர் 8 ஊர்க் காவல் மாதாவான விக்டோரியா மாதாவின் நாள். அந்தப் பருவத்தில் கிடைக்கும் பொடி மீனுக்கு விக்டோரியானோ என்று பெயர். விரல் நீளம்கூட இருக்காது.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து வறுப்பது ஒரு வகை. வினிகரில் ஊறவைத்து, பூண்டும் பார்ஸ்லியும் தூவி, அடுப்பே காட்டாமல் தருவது இன்னொரு வகை. பச்சைமீனா என்று தயங்க வேண்டாம்: அனிசாகிஸ் புழுவைத் தடுக்க, இப்படிப் பரிமாறும் மீனை முதலில் உறையவைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

கோஞ்ச்சா ஃபீனா என்ற வழவழப்பான பழுப்புச் சிப்பியைச் சந்தையிலேயே உயிரோடு திறந்து தருவார்கள். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறச் சதை சுருங்கும். அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் நிறைய. வேண்டாம் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எஸ்பேத்தோ சாப்பிடாமல் வராதே என்கிறார்கள். நடையில் அது உண்டா?

பெரும்பாலும் இருக்காது. பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது. எஸ்பேத்தோ என்பது குச்சியில் கோத்துத் தணலில் சுட்ட மத்தி, கடற்கரைப் பண்டம். நடைகளோ பழைய நகரத்துக்குள் சுற்றுகின்றன.

கரையில் மணல் நிரப்பிய பழைய படகு ஒன்று நிற்கும். அதன்மேல் ஒலிவ விறகை எரித்துத் தணலாக்கியிருப்பார்கள். ஐந்தாறு மத்தி மீனை, நாணல் குச்சியில், முதுகெலும்பை ஒட்டிக் கீழ்ப்பக்கமாகக் குத்தி வரிசையாகக் கோப்பார்கள். எலும்பு குச்சிமேல் தாங்கி நிற்பதால் வெந்த பிறகும் மீன் கழன்று விழாது. கல்லுப்பைத் தூவி, குச்சியைத் தணலுக்கு அருகே மணலில் சாய்த்து நடுவார்கள். புகை நேராக மீன்மேல் அடிக்காதபடி காற்று பார்த்து நடுவதில்தான் எஸ்பெத்தேரோவின், அதாவது மீன் சுடுகிறவரின், கைத்திறன் இருக்கிறது. தோல் கருகிக் கொப்புளிக்க, உள்ளே எண்ணெய் கசிய, அப்படியே கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மத்திக்குக் கொழுப்பேறும் காலம், அப்போதுதான் ருசி உச்சம்.

1885இல் நிலநடுக்கச் சேதத்தைப் பார்க்க வந்த அரசர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ, எல் பாலோ கரையில் மிகேல் மார்த்தினேஸ் என்ற கடைக்காரரிடம் மத்தி கேட்டாராம். கத்தியும் முள்கரண்டியும் எடுத்த அரசரிடம், "அப்படியில்லை ராஜா, விரலால்" என்று அவர் சொன்னதாக ஊரில் இன்றும் கதை சொல்வார்கள். நம்மவர்களுக்கு அந்தப் பாடம் தேவைப்படாது.

நடை முடிந்த மறுநாள் 11ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறி எல் பாலோ பக்கம் போங்கள். அதற்கு முன்னால் வரும் பெத்ரெகலேஹோவிலும் இறங்கலாம். இரண்டும் பழைய மீனவர் குடியிருப்புகள். கடலோரக் கடைகளுக்கு சிரிங்கீத்தோ என்று பெயர். படகில் தணல் எரிகிற கடையாகப் பார்த்து உட்காருங்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்யும்போது எழுதுங்கள், முதல் நாள் நினைவூட்டுங்கள், தொடங்கும் இடத்தில் வழிகாட்டியிடம் மறுபடியும் சொல்லுங்கள். ஸ்பெயினில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். ஹாமோன் என்ற உப்பிட்ட பன்றித்தொடையைச் சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹாமோன்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முட்டையும் கூடாது என்றால் "நி வேவோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு மாலகா தரும் முதல் பரிசு அஹோபிளாங்கோ. பாதாம், பழைய ரொட்டி, பூண்டு, ஒலிவ எண்ணெய், வினிகர், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அரைத்துக் குளிரவைத்த வெண்ணிறச் சூப். பால் ஒரு துளி இல்லை. மேலே மஸ்கட் திராட்சை மிதக்கும். பூண்டின் காட்டத்துக்கு நடுவே திராட்சை உடையும்போது வரும் இனிப்புக்காகவே கோடையில் மாலகா போகலாம் என்பேன். அக்சார்கியாவின் அல்மாச்சார் கிராமம் செப்டம்பர் தொடக்கத்தில் இதற்கென்றே விழா எடுக்கிறது.

இரண்டாவது, கத்தரிக்காய் வறுவலும் கரும்புப்பாகும். கத்தரிக்காயை நீளநீளமாகவோ வட்டமாகவோ நறுக்கி, மாவில் புரட்டி மொறுமொறுப்பாக வறுத்து, மேலே கறுக்கக் காய்ச்சிய கரும்புப்பாகை ஊற்றித் தருவார்கள். கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபியர்கள். ஃப்ரிஹிலியானா என்ற மலைக்கிராமத்து ஆலையில் இன்றும் அந்தப் பாகு தயாராகிறது.

அப்புறம் உருளைக்கிழங்கு முட்டை அடை, ஆட்டுப்பால் சீஸ், சுட்ட குடைமிளகாய் சாலட், ஒலிவக்காய், தக்காளி தேய்த்த ரொட்டி எல்லாம் உண்டு. மாலகா சாலட்டில் உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, ஒலிவக்காயோடு உப்பிட்ட காட் மீன் சேரும். அது இல்லாமல் கேட்கலாம். அந்தெக்கேரா ஊரின் கெட்டித் தக்காளிச் சூப்பான போர்ராவின் மேல் ஹாமோனும் முட்டையும் தூவுவார்கள், தூவாமல் தரச் சொல்லுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீன் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் பொரிப்பது சாதாரணம். அது ஒத்துவராது என்பவர்கள் பொரித்த பண்டங்களை விட்டுவிடுவது நல்லது. வெங்காயம், பூண்டு இரண்டையும் தவிர்ப்பவர்களுக்கு இந்த நடையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பன்றி, மாடு சாப்பிட மாட்டோம். ஹலால் கிடைக்குமா?

மீன், காய்கறி என்று வைத்துக்கொண்டால் பன்றியையும் மாட்டையும் தவிர்ப்பது எளிது. உஷாராக இருக்க வேண்டியது குரோக்கேத்தா என்ற உருண்டை வறுவலில். உள்ளே ஹாமோனோ, கோழி, மாடு, பன்றி எல்லாம் வெந்த கலவையோ இருக்கலாம், வெளியிலிருந்து தெரியாது. கிறிஸ்துமஸ் நேரத்து மந்தெக்காதோ பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு சேரும். ரபோ தே தோரோ என்பது மாட்டுவால் குழம்பு. வழக்கமான நடைக் கடைகளில் ஹலால் இறைச்சி எதிர்பார்க்க முடியாது. மீன், காய்கறி நடையாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், பலர் செய்து தருவார்கள். மொரோக்கோ மக்கள் கணிசமாக வாழும் ஊர் என்பதால் ஹலால் உணவகங்கள் தனியாக உண்டு.

மது குடிக்காதவர்கள் வந்தால் காசு வீணா?

இல்லை. மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு, பழரசம், சோடா என்று மாற்றுத் தருவார்கள். தண்ணீருக்குத் தனிக்காசு கொடுக்கத் தேவையில்லை: 2022இல் வந்த சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். "அகுவா தெல் கிரீஃபோ" என்று கேளுங்கள்.

குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஸ்கட், பெத்ரோ ஹிமெனெஸ் என்ற திராட்சை ரகங்களில் செய்யும் மாலகா ஒயின்கள் தேன்போல் இனிக்கும், ஆனால் சாதாரண ஒயினைவிடப் பல வகைகளில் போதை அதிகம். சின்னக் கோப்பை, மெதுவாக. பழம் போட்ட ஒயினான சாங்ரியாவைத் தேட வேண்டாம். கோடையில் ஊர்க்காரர்கள் குடிப்பது சிவப்பு ஒயினில் சோடா கலந்த தின்தோ தே வெரானோ. பீர் என்றால் 1928இல் இங்கே பிறந்த விக்டோரியா.

காப்பி எப்படி? பால் காப்பி கேட்டால் கிடைக்குமா?

காப்பிப் பிரியர்கள் இந்த ஊரைக் கொண்டாடுவார்கள். பாலும் டிகாஷனும் எந்த அளவில் வேண்டும் என்பதற்கு மாலகாவில் தனித்தனிப் பெயர் உண்டு. பால் இல்லாதது சோலோ. பெரும்பகுதி டிகாஷன் என்றால் லார்கோ. சரிபாதி மிதாத். பால் மிகுந்து டிகாஷன் குறைந்தால் சோம்ப்ரா, அதாவது நிழல். பாலில் டிகாஷன் லேசாகப் பட்டால் நூபே, அதாவது மேகம். அரசியலமைப்புச் சதுக்கத்தில் இருந்த கஃபே சென்ட்ரலில்தான் இந்தப் பட்டியல் உருவானது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில் காப்பியை வீணாக்க மனமில்லாத உரிமையாளர், கேட்கிற அளவை ஒரே சொல்லில் சொல்லிவிட இப்படி வகுத்தார். பத்துக் கண்ணாடிக் குவளைகளின் படத்தை ஓடுகளில் வரைந்து சுவரில் பதித்திருந்தார்கள். பத்தாவது குவளை காலி. அதன் பெயர் "எனக்கு வேண்டாம்". அந்தக் கடையை 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள் என்பது பெரிய இழப்பு. ஆனால் பெயர்கள் ஊர் முழுக்கப் புழங்குகின்றன.

நம் வீட்டுக் காப்பி பழகியவர்கள் மிதாத்தில் தொடங்குங்கள். காலையில் தெஹெரிங்கோ என்ற வளைய வளையமான சுர்ரோ மாவு வறுவலோடு குடித்தால் இன்னும் நல்லது. 1932 முதல் நடக்கும் காசா அராந்தா என்ற சுர்ரோக் கடை, சந்தையிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

காரம் இருக்குமா?

இருக்காது. சீரகம், ஓரெகானோ, பூண்டு, வினிகரில் ஊறிய சுறாத்துண்டு வறுவலான அதோபோ மட்டும் நம் நாக்குக்குக் கொஞ்சம் பழகியதாகத் தெரியும். ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன், ஒலிவ எண்ணெயும் உப்பும் மீனும் என்ன சுவை என்று அப்போதுதான் தெரியும்.

குழந்தைகள், வயதானவர்கள் வரலாமா?

வரலாம். ஸ்பெயினில் தாப்பாக் கடைக்குள் குழந்தைகளைக் கூட்டிப் போவது இயல்பு, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மது மட்டும் பதினெட்டு வயதுக்கு மேல்தான்.

பெரியவர்களுக்குச் சிக்கல் நடப்பதில் இல்லை, நிற்பதில்தான். மையப் பகுதி பெரும்பாலும் சமதளம், வண்டி வராத தெருக்கள். ஆனால் பல கடைகளில் உட்கார இடமே கிடையாது. எத்தனை நிறுத்தங்களில் நாற்காலி உண்டு என்று முன்பே கேளுங்கள். லாரியோஸ் தெருவின் வழவழப்பான கல்தளம் மழை பெய்தால் வழுக்கும், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை, கர்ப்ப காலம்?

பாதாம், கோதுமை, மீன், முட்டை நான்கும் மாலகாச் சமையலின் அடித்தளம். இவற்றில் ஏதாவது ஆகாது என்றால் எழுத்தில் தெரிவியுங்கள். பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைக் கடைக்காரர் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி, கேட்கத் தயங்காதீர்கள். கஸ்பாச்சுவேலோ என்ற வெள்ளை மீன்சூப்பில் மயோனைஸ் கரைத்திருக்கும், முட்டை ஆகாதவர்கள் கவனிக்க. கர்ப்பிணிகள் பச்சைச் சிப்பி, வினிகர் நெத்திலி, காய்ச்சாத பாலில் செய்த சீஸ், ஹாமோன் ஆகியவற்றை விட்டுவிடலாம்.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

சிறு குழு நடைகள் பெரும்பாலும் ஆளுக்கு 60 முதல் 100 யூரோ வரை. உணவும் பானமும் அதற்குள் அடங்க வேண்டும். "இலவச நடை" என்று வரும் விளம்பரங்களில் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள், கடைசியில் வழிகாட்டிக்கும் கொடுப்பீர்கள். கட்டண நடையில் டிப்ஸ் கட்டாயமில்லை; மனதுக்குப் பிடித்திருந்தால் கொடுக்கலாம்.

நல்ல நடையை எப்படி அடையாளம் காண்பது?

பட்டியலைப் பாருங்கள். பாயேயாவும் சாங்ரியாவும் முன்னால் நின்றால் நான் அதைத் தவிர்ப்பேன். பாயேயா என்ற அரிசிப் பண்டம் வலென்சியாவின் பெருமை, அதை அங்கே போய்ச் சாப்பிடுவதுதான் முறை. மாலகா நடையில் பொக்கெரோன், அலோரெஞா, இனிப்பு ஒயின், கோடையில் அஹோபிளாங்கோ, குளிரில் கஸ்பாச்சுவேலோ இருக்க வேண்டும். பருவத்துக்கேற்ப பட்டியல் மாறும் என்று எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம். வருடம் முழுக்க ஒரே பட்டியல் என்றால் சந்தையைப் பார்த்துச் சமைக்கும் கடைகள் அல்ல அவை.

குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் யோசியுங்கள். சின்னக் கடைகளில் அத்தனை பேரும் நிற்கவே முடியாது, வழிகாட்டி பேசுவதும் கேட்காது. தமிழில் நடை எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கில நடைகள் தாராளமாக உண்டு. சைவருக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்றுப் பண்டம் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பண்டத்தின் பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் நம்பலாம். "சமாளித்துக்கொள்ளலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

உலர்திராட்சை, பாதாம், கரும்புப்பாகு, ஒலிவ எண்ணெய். பாகும் எண்ணெயும் திரவம் என்பதால் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் சந்தையில் மாம்பழம் பார்ப்பீர்கள். வெலேஸ் மாலகா பக்கம் விளைவது, ஆஸ்டீன் என்ற ரகம். நார் குறைவு, இனிப்பு மென்மை. குளிர்காலத்தில் சீத்தாவின் உறவான சிரிமோயா வரும். இரண்டையும் ஊரில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். பழுத்தது கேட்டால் கடைக்காரரே விரலால் அழுத்திப் பார்த்து இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டுத்தான் எடுத்துத் தருவார்.